தொப்பிச் சின்னமும் பட்டியலின் சான்றும்

பிரிட்டிஷ் படையினரின் தொப்பிச் சின்னங்களைத் திரட்டுவோர் வேதம்போலப் போற்றும் நூல் ஒன்று உண்டு. ஆர்தர் கிப்ளிங், ஹியூ கிங் என்னும் இருவர் இயற்றி, 1970களில் இரு தொகுதிகளாக வெளிவந்த பட்டியல் அது. முதல் உலகப்போர் முடியும் வரையிலான சின்னங்கள் முதல் தொகுதியிலும், பிற்காலத்தன இரண்டாம் தொகுதியிலும் அடங்கும். விற்போரும் வாங்குவோரும் அந்நூலின் எண்களைச் சொல்லியே பேசிக்கொள்கின்றனர். நூலாசிரியர்களின் உழைப்பை யாம் குறைத்துக் கூறோம். ஆயினும் அதனைக் காட்டி ஒரு சின்னம் மெய்யானதெனச் சாதிப்பது முறையன்று. இத்தகைய சின்னம் இருந்தது என்பதைத்தான் பட்டியல் கூறும். நம் கையிலிருப்பது அதுதானா என்பதைக் கூறாது. போலி செய்பவனும் அதே படத்தைப் பார்த்துத்தானே செய்கிறான்!

முடியின் வடிவத்தைக் கொண்டு காலங் கணிப்பதும் இத்தகையதே. விக்டோரியா அரசி 1901இல் மறைந்தபின் தியூடர் முடியும், இரண்டாம் எலிசபெத் 1952இல் பட்டமெய்தியபின் புனித எட்வர்டு முடியும் சின்னங்களில் இடம்பெற்றன. மூன்றாம் சார்லஸ் மன்னரோ 2022இல் மீண்டும் தியூடர் முடியையே தேர்ந்துகொண்டார். இனி அம்முடியைக் கண்டதுமே பழமை பேசிவிட இயலாது.

வார்ப்புப் போலியைக் கண்டறிதல் எளிது. குளிருங்கால் உலோகம் சுருங்குதலின் அது மூலத்தினும் சற்றே சிறுத்திருக்கும். மேற்பரப்பும் மணல்மணலாய்த் தோன்றும். தொல்லை தருவது, பழைய அச்சிலேயே பிற்காலத்தில் அடித்தெடுத்த சின்னந்தான். அச்சு மெய், வரிகள் மெய். ஆனால் எந்த வீரனும் அதனை அணிந்ததில்லை. இடைச்செருகல் மூலப் புலவனின் நடையிலேயே அமைந்துவிட்டால் பதிப்பாசிரியர் படும் பாட்டைத் தமிழாசிரியர்கள் அறிவர்.

இங்கே பின்புறந்தான் துணை. விக்டோரியா காலத்துக் கிளன்காரித் தொப்பிச் சின்னங்கள் பொதுவாக வளையங்கள் உடையவை. தொப்பியில் செருகும் நீண்ட தகடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. அத்தகடு முன்னையதில் ஒட்டியிருப்பின் ஐயுறுக. நாள்தோறும் துலக்கிய சின்னத்தில் மேடுகள் மழுங்கும், பள்ளங்களில் வரி நிற்கும். செயற்கைத் தேய்வில் பெரும்பாலும் இரண்டும் ஒருங்கே மழுங்கும். கழுத்துப்பட்டைச் சின்னங்களில் விலங்குருவங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று நோக்கும் இணைகளாதலால், இரண்டும் ஒரே திசை நோக்கின் அவை பின்னர்ச் சேர்த்த இணையாகலாம்.

நம் ஊரோடு தொடர்புடைய ஒன்று. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் சரணடைந்த படைகளுள் மான்செஸ்டர் படைப்பிரிவின் முதலாம் அணியும் ஒன்று. அப்படைப்பிரிவு 1923இல் மான்செஸ்டர் நகரச் சின்னத்தைத் தொப்பியினின்று நீக்கி, மூவிதழ் மலர் வடிவை ஏற்றது. ஆதலின், நகரச் சின்னத்தைக் காட்டி, 'சிங்கப்பூர்க் கைதியின் தொப்பியில் இருந்தது' என்றால் கதை நிலைக்காது. மலர்ச் சின்னமே ஆயினும் என்? அப்பிரிவு 1958இல் லிவர்பூல் படைப்பிரிவுடன் இணையும் வரை, அதே மலரை வேறு இடங்களிலும் பலர் அணிந்தனர். கைதியின் பெயரோ, படை எண்ணோ, கடிதமோ உடன் வாராத சின்னத்திற்குக் கைதிக்குரிய விலை கேட்பதை யாம் ஒப்போம்.