புகை தெரிகிறது, முகம் தெரியவில்லை!

நீலக்கடல், வெண்ணுரை, நடுவே கருநிறக் கப்பல். கொடி பறக்கிறது, புகைபோக்கியிலிருந்து கரும்புகை நீள்கிறது. பயணிகளை ஏற்றிச் சென்ற நீராவிக் கப்பல்களை மேனாட்டார் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய பழைய ஓவியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கண்டோர் வியப்பர். நாமும் வியந்தோம், வியப்போடு நின்றுவிட மனம் இடந்தரவில்லை.

இத்துறையில் புகழ்பெற்றவர் அந்தோனியோ ஜேக்கப்சன். 1850-ல் கோபன்ஹேகனில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, 1921-ல் மறைந்தவர். தொடக்கத்தில் இரும்புப் பணப்பெட்டிகளின் மீது சித்திரம் தீட்டிப் பிழைத்தார். பின்னர்க் கப்பல் கம்பெனியார் அழைத்தனர். ஆயிரக்கணக்கில் கப்பல்களைத் தீட்டினார். அவர் திறமையில் குறை காணோம். கயிறும் கம்பமும் சாளரமும் அளவு பிசகாமல் அமைந்திருக்கும். மனிதர்? இருந்தால் எறும்பளவு! பெட்டியாயினும் கப்பலாயினும் அத்தூரிகை உடைமைக்கே அழகு செய்தது. காசு கொடுத்தவன் கண்ணே கலைஞன் கண்ணாயிற்று!

அரிமளத்திலிருந்து இதை எழுதுகிறோம். நகரத்தார் ஊர்களுள் ஒன்று. கடல் கடந்த வாணிபம் மாளிகைகளை எழுப்பிய வட்டாரம். அதே கடலைக் கங்காணியின் சொல்லை நம்பிக் கடந்த ஏழைத் தமிழரும் உண்டன்றோ? 1926-ல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என ஓடிய கப்பல். 5,000-க்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. அறை கிடைத்தோர் சிலர். தளத்திலே பாய் விரித்தோர் பல்லாயிரவர். அவர்தம் கூலிப்பணமே கம்பெனியின் இலாபம். அவர்தம் முகமோ ஓவியத்தில் இல்லை.

வகுப்பிலே ஒருநாள் கப்பல் வரையச் சொன்னோம். எல்லாச் சிறுவரும் புகைபோக்கி வரைந்தனர். ஒருவனும் ஆள் வரையவில்லை. பினாங்குக்குக் கூலியாகச் சென்றவரின் கொள்ளுப்பேரனும் அவர்களுள் ஒருவன்! கப்பல் பெரிது, மனிதன் சிறிது என்ற பாடம் எத்துணை ஆழமாகப் பதிந்துவிட்டது!

வேறு பார்வை இயலாததா? 1907-ல் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் முதல் வகுப்பில் பயணம் செய்தார். கீழ்த்தளத்தில் ஏழையர் நெருக்கம் கண்டார். ஓடிச்சென்று காமிராவைக் கொணர்ந்து படம் எடுத்தார். அதிலே கப்பலின் முழு உருவம் இல்லை. பெண்டிர் இருக்கின்றனர், பிள்ளைகள் இருக்கின்றனர். உலகம் அதனைப் போற்றுகிறது!

பழைய ஓவியங்களைக் கொளுத்தச் சொல்லவில்லை, தோழர்களே! அவற்றின் முன் நின்று, “இதிலே சென்றவர் எங்கே?” என்று கேளுங்கள். தூரிகை ஏந்துவோர் தளத்திலே பாய் விரித்தவன் முகத்தைத் தீட்டட்டும். அந்தப் படம் நம் பள்ளிச் சுவரில் தொங்கட்டும்!