களமும் கூத்தும்

அறுவடையைப் பொருளாகக் கொண்ட நாடக இலக்கியம் யாது என வினவின், பள்ளு என்பதே தமிழ் பயின்றார் கூறும் விடையாகும். அவ்விடை தவறன்று, ஆயினும் நிறைவுடையதும் அன்று. பள்ளினையே கருதி நின்றமையால், மேட்டூரைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் சமவெளியில் இன்றும் ஆடப்பெறும் தெருக்கூத்து, பாரதக் கதையின் எளிய வடிவம் என்னும் அளவிலேயே மதிக்கப்பெறுகின்றது. விளைவு விழாவின் கலை என்னும் சிறப்பு அதற்கு வழங்கப்பெறவில்லை. இம்மதிப்பீடு மறு ஆய்வுக்குரியது.

முதற்கண் பள்ளினை நோக்குவோம். முக்கூடற் பள்ளில் ஆற்று வெள்ளம், வித்து வகை, மாட்டு வகை, உழவு, நடவு, அறுவடை, நெல் அளத்தல் ஆகியன முறையே அமைகின்றன. அங்கு விளைவே நூற்பொருள். ஆங்கில நாட்டின் சாமர்செட் பகுதியில் சனவரித் திங்களில் ஆப்பிள் மரங்களைச் சூழ்ந்து நின்று, வரும் பருவத்து விளைவு வேண்டிப் பாடும் வழக்கும் இவ்வகையினதே. மேட்டூர்ப் பகுதிக் கூத்திலோ பயிர் பாடப்பெறுவதில்லை. சோளமும் கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் ஊர்களில், அறுவடைக்குப் பின்னர் வரும் அம்மன் விழாக்களில், விடிய விடிய ஆடப்பெறுவன அருச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் முதலியனவே. விளைவைப் பாடாத கூத்தினை விளைவுக் கலை என்றல் யாங்ஙனம் பொருந்தும்?

உழவர் ஓய்ந்திருக்கும் நாளில் ஆடுகின்றனர். அதற்கு மேல் தொடர்பு யாதும் இல்லை என்பார் உளர். அவர் 'களம்' என்னும் சொல்லை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெல் அடிக்கும் இடமும் களம். போர் நிகழும் இடமும் களம். கூத்து ஆடும் இடமும் களமே. தொல்காப்பியர் வாகைத் திணையில் ஏரோர் களவழியையும் தேரோர் களவழியையும் ஒருங்கு வைத்தார். புறநானூற்று 369 ஆம் பாடலில் பரணர் யானையை மேகமாகவும், வாளினை மின்னலாகவும், போரினை உழவாகவும் காண்கின்றார். ஏர்க்களத்தையும் போர்க்களத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காணும் இம்மரபு ஏட்டில் முடிந்து போகவில்லை. திரௌபதியம்மன் விழாவில் துரியோதனனை மண்ணால் சமைத்துத் தரையில் கிடத்துமிடம் படுகளம் எனப்படும். கொங்கு நாட்டு அண்ணன்மார் வழிபாட்டிலும் படுகளம் உண்டு. அங்கு வீழ்ந்தோர் மீண்டும் எழுப்பப்பெறுகின்றனர். மண்ணில் விழுந்தது மீள எழுதல் விதைத்தவனுக்குப் புதிய செய்தி அன்று.

மற்றொரு சான்றும் உண்டு. விராட பருவத்தைப் படித்தாலும் ஆடினாலும் மழை பொழியும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. மேட்டூர் அணை 1934 இல் நிறைவெய்தியது. எனினும் அதன் நீர் பெரிதும் காவிரிக் கழிமுகத்து நெல்வயல்களுக்கே செல்வது. சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் பாய்வது ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலத்திலேயாம். அதற்கு அப்பாற்பட்ட புன்செய் வானத்தை நோக்கியே வாழ்கின்றது. நீர்த்தேக்கத்தின் அருகிருந்தும் மழையை வேண்டி நிற்கும் மக்களுக்கு விராட பருவம் வெறுங்கதை ஆகாது, அது வேண்டுதலாம். ஆகவே, பள்ளில் விளைவு நூலின் அகத்தே உள்ளது. கூத்தில் அது நூலின் புறத்தே, ஆடும் காலத்திலும் இடத்திலும் நோக்கத்திலும் உள்ளது.

இவ்வேறுபாட்டினும் ஆழமானது ஒன்றுண்டு. பள்ளில் உழைப்போன் பாடுபொருள். புலவன் அவனை நகைச்சுவைக்கு உரியவனாக்குகின்றான்; பண்ணைக்காரன் அவனைத் தொழுவில் மாட்டுகின்றான்; அவன் வாய்மொழியும் புலவன் இயற்றித் தந்ததே. கூத்தில் உழைப்போன் ஆடுநன். பகலில் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவன் இரவில் முடி புனைந்து அரசனாக நின்று, ஊரார் அனைவரும் கேட்பத் தன் அறத்தை எடுத்துரைக்கின்றான். விளைவு விழா ஒன்றில் விளைவித்தவனுக்கு உரிய இடம் யாது என்னும் வினாவிற்குப் பள்ளினும் கூத்தே நேரிய விடை தருகின்றது என்பது எம் துணிபு. பள்ளின் சொல்வளத்தை இக்கூற்று குறைப்பதன்று. சொல்வளம் ஒன்றே அளவுகோல் ஆகாது என்பதே கருத்து.

இவ்வுண்மையை நன்குணர்ந்தோர் பல்கலைக்கழகத்திற்கு வெளியே உளர். மேட்டூர்ப் பகுதி ஏர்வாடியைச் சார்ந்த எழுத்தாளர் திரு. மு. ஹரிகிருஷ்ணன் 'மணல்வீடு' இதழ் வாயிலாகவும், 'களரி' என்னும் அமைப்பின் வாயிலாகவும் கூத்துக் கலைஞர்களுக்கு ஆற்றிய தொண்டு குறிப்பிடத்தக்கது. களம் என்பதனோடு உறவுடைய 'களரி' என்னும் சொல் அமைப்பின் பெயராய் அமைந்தமையும் பொருத்தமே.

கூத்து நூல்களை ஆராயப் புகும் மாணாக்கர் பாட வேறுபாடும் யாப்பும் காண்பதோடு அமைதல் சாலாது. எவ்வூரில், எத்திங்களில், எப்பயிர் களம் சேர்ந்தபின், யார் வேண்டி, யார் ஆடினர் என்பனவும் ஏட்டில் ஏறுதல் வேண்டும். இன்று கோவில் விழாவின் காலமும் அறுவடையின் காலமும் ஒன்றையொன்று விட்டு விலகி வருகின்றன. அத்தொடர்பு அறியப்படாது மறையுமாயின், அச்சிட்ட கூத்து நூல் நம் கையில் இருக்கும். அதன் பொருளிற் பாதி நம்மிடம் இராது.