குச்சின்: தேயத் தேயக் கேட்கும் நாதம்

சீனத்தின் குச்சின், கச்சேரி மேடைக்காகப் பிறந்த வாத்தியம் அல்ல. நாதம் அவ்வளவு சன்னம். தனக்காகவோ பக்கத்தில் இருக்கும் நண்பருக்காகவோ வாசிப்பதுதான் மரபு. அரக்குப் பூசிய நீண்ட மரப்பெட்டி, ஏழு தந்திகள். வீணைக்கு இருப்பதுபோல மெட்டுகள் கிடையாது. ஓரமாகப் பதித்த 13 சிப்பிப் புள்ளிகள்தான் விரலுக்கு வழிகாட்டி.

வலக்கை மீட்டி முடித்த பிறகுதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. இடக்கைக் கட்டைவிரல் தந்தியை அழுத்தியபடியே வழுக்கிப் போகும். நாதம் தேய்ந்து, கடைசியில் பட்டுத் தந்தியில் தோல் உராயும் ‘சர்’ என்ற ஓசை மட்டும் மிஞ்சும். ரசிகர்கள் அதையும் இசையாகவே கேட்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய எஃகுத் தந்திகளில் ஒலி கூடுதல்தான். ஆனாலும் என் காது பட்டையே தேடுகிறது.

பழைய இசைக்குறிப்புகளில் எந்தத் தந்தி, எந்த விரல், எப்படி மீட்டுவது என்றெல்லாம் இருக்கும். காலப்பிரமாணம் மட்டும் தெளிவாக இருக்காது. வழக்கொழிந்த ஒரு உருப்படிக்கு உயிர் கொடுக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். குவான் பிங்ஹு அப்படி உழைத்த மேதை. அவர் வாசித்த ‘ஓடும் நீர்’ 1977இல் வாயேஜர் விண்கலங்களின் தங்க இசைத்தட்டில் ஏறியது. ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் அந்தப் பதிவை அவசியம் கேளுங்கள். நடுவில் விரல்கள் தந்திகளின் மேல் முன்னும் பின்னும் புரளும்போது வெள்ளமே வந்துவிடும்.