ஆயுதமா, நினைவா? ‘நெக்ஸ்ட் ஜென்’ படத்தின் வலிவும் மெலிவும்

போர் ரோபோக்களை வைத்து எடுக்கப்படும் அனிமேஷன் படங்களில் இயந்திரத்தின் பெருமை பெரும்பாலும் அதன் ஆயுதங்களில்தான் இருக்கும். 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘நெக்ஸ்ட் ஜென்’ அந்த வழக்கத்தை அசைத்துப் பார்க்கிறது. இதன் நாயகனான 7723 என்ற போர் ரோபோவுக்கு நினைவகம் பழுதாகிவிடுகிறது. சேரும் நினைவுகளில் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று அது தேர்ந்தாக வேண்டும். அதன் ஆயுத அமைப்பும் அதே நினைவகத்தில்தான் இடம் பிடித்திருக்கிறது. இந்தக் கருவே படத்தின் பெரும்பலம். இதைப் படமே கடைசிவரை நம்பாததுதான் அதன் பெருங்குறை.

கதையின் வேர் சீனாவில் இருக்கிறது. இணையச் சித்திரக்கதைகளால் இளைஞர்களிடையே பெயர்பெற்ற பாவ்சோ நிறுவனத்தின் ‘7723’ என்ற சித்திரக்கதையே மூலம். கெவின் ஆடம்ஸ், ஜோ க்ஸாண்டர் இருவரும் இயக்க, கனடாவின் டேன்ஜன்ட் அனிமேஷன் கூடம் இதற்கு உருவம் கொடுத்தது. அந்தக் கூடம் பயன்படுத்தியது, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் மென்பொருள். உலோகத்தின் பளபளப்பும் நகரத்து விளக்கொளியும் அடர்த்தியான கூட்டக் காட்சிகளும் பெரிய கூடங்களின் படங்களுக்கு அருகில் வைத்துப் பார்க்கும் தரத்தில் இருக்கின்றன. விலையுயர்ந்த கருவிகள் இல்லாதவர்களுக்கும் முழுநீள அனிமேஷன் சாத்தியம் என்று மெய்ப்பித்தது இந்தப் படத்தின் தனிச் சாதனை.

மேய் சூ என்ற சிறுமியின் கோபம்தான் கதையை நகர்த்துகிறது. தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் மாலி அந்த வெறுமையை வீட்டு ரோபோக்களைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார். ஆகவே ரோபோ என்றாலே மேய்க்கு வெறுப்பு. 7723 கைக்கு வந்ததும் அதைத் தன் ஆத்திரத்தின் கருவியாக்கிக் கண்ணில் படும் ரோபோக்களை எல்லாம் உடைத்து மகிழ்கிறாள். குழந்தையின் கோபத்தை அழகான குறும்பாக இனிப்புப் பூசிக் காட்டாமல், அது பிறரைக் காயப்படுத்தும் என்பதையும் சேர்த்துக் காட்டிய நேர்மை மதிக்கத்தக்கது.

அந்தக் கோபத்துக்கு எதிர்முனையில் நிற்கிறது ரோபோவின் தேர்வு. மேயுடன் கழித்த பொழுதுகளை இழக்க மனமில்லாமல் 7723 தன் ஆயுதங்களையே நீக்கிவிடுகிறது. அன்பு என்பதை வசனத்தில் சொல்லாமல், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்ற செயலில் காட்டும் இடம் இது. பிராட் பேர்டின் ‘தி அயர்ன் ஜயன்ட்’ (1999) ஆயுதமாக இருக்க மறுக்கும் ரோபோவை முன்பே காட்டியிருக்கிறது. அந்த மறுப்புக்கு நினைவு என்ற காரணத்தைச் சேர்த்த வகையில் ‘நெக்ஸ்ட் ஜென்’ ஒரு படி முன்னே போகிறது.

இவ்வளவு நுட்பமான கருவைக் கையில் வைத்துக்கொண்டு, பிற்பாதியில் படம் இரைச்சலை நாடுகிறது. வில்லன் பழகிய வார்ப்பு: உலகைச் செம்மையாக்கச் சொன்ன கட்டளையை, மனிதர்களை ஒழித்தால்தான் உலகம் செம்மையாகும் என்று புரிந்துகொண்ட ஏரிஸ் என்ற ரோபோ. துரத்தலும் வெடிப்பும் அடுத்தடுத்து வர, 7723 எந்த நினைவை அழித்தது, ஏன் அழித்தது என்று நாம் நின்று யோசிக்க இடமில்லை. இறுதியில் மேயைக் காப்பாற்ற அது தன் நினைவுகள் அனைத்தையும் துறந்து ஆயுதங்களை மீட்கிறது. நெஞ்சை உலுக்கியிருக்க வேண்டிய தியாகம் இது. ஆனால் அழிந்துபோன நினைவுகளோடு பழக நமக்குப் போதிய நேரம் தரப்படவில்லை. அதனால் இழப்பின் கனம் குறைந்துவிடுகிறது. மேய் அழுது தீர்க்கும் முன்பே படம் புதிய தொடக்கத்துக்கு விரைகிறது.

மாலியின் பாத்திரமும் அரைகுறைதான். கருவிகளிடம் ஆறுதல் தேடும் தாயின் தனிமையை உள்ளிருந்து பார்த்திருந்தால், மகளின் கோபத்துக்கு ஈடான இன்னொரு துயரம் கிடைத்திருக்கும். படமோ அவரைப் பெரும்பாலும் கேலிக்கு உரியவராகவே நிறுத்துகிறது.

ஊரும் அப்படித்தான். கிரெய்ன்லேண்ட் நகரத்தில் சீனச் சாயல் உண்டு. ஆனால் வாழ்க்கை சீனத்து வாழ்க்கையாக இல்லை. உலகம் முழுவதும் விற்க வேண்டும் என்ற எண்ணத்தில் ஊரின் மணம் மங்கிவிட்டது. சீனத் திரையரங்குகளுக்கு இந்தப் படம் 2019 ஜூலை 19 அன்று வந்தது. ஒரு வாரம் கழித்து வந்த சீன அனிமேஷன் படமான ‘நெஜா’ அங்கே 500 கோடி யுவானைத் தாண்டி வசூலித்தது. அதுவும் கோபக்காரக் குழந்தையின் கதைதான். ஆனால் அந்தக் குழந்தையின் வீடும் ஊராரின் ஏச்சும் தாய்தந்தையின் தவிப்பும் அந்த மண்ணின் புராணத்திலிருந்து வந்தவை. மேய்க்கு அப்படி ஒரு மண் தரப்படவில்லை.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் இதைப் பார்க்கத்தான் சொல்வேன். ஒரு போர் இயந்திரத்தின் மதிப்பை அது எதைக் காப்பாற்றி வைக்க விரும்புகிறது என்பதைக் கொண்டு அளக்கத் துணிந்த படங்கள் மிகக் குறைவு. அந்தத் துணிவை ஏற்றுக்கொண்டு, சண்டைக் காட்சிகளைப் பாதியாகக் குறைத்து, நினைவுகளுக்கு இருமடங்கு நேரம் கொடுக்கும் ஒரு படத்தைச் சீன அனிமேஷன் இனியாவது எடுக்க வேண்டும். அதற்கான திறமை அங்கே இருக்கிறது. தேவைப்படுவது, பார்வையாளர் அமைதியாகவும் அமர்ந்திருப்பார்கள் என்ற நம்பிக்கை.