அரக்கன் கதையும் அதை எழுதும் கையும்

ஜூரோங் வட்டாரத்து அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளங்களில் சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசைகளை நம்மவர் பலரும் கண்டிருப்பர். அக்கட்டங்களுக்கும், இன்று மாணாக்கர் பகடையும் தாளுமாகக் கூடியாடும் புதுவகை மேசையாட்டத்துக்கும் உறவு உண்டென்றால் சிலர் வியப்படையக்கூடும். நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய சதுரங்கம் நம் நாட்டினின்று பாரசீகம் சென்று, பின் ஐரோப்பா சேர்ந்தது. 1780ஆம் ஆண்டில் ஹெல்விக் என்னும் ஜெர்மானியர் அதனை விரித்துப் போர்ப்பயிற்சி ஆட்டமாக்கினார். அவ்வழி வந்த போர் ஆட்டங்களில் ஊறிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். இதில் படைக்குப் பதில் ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடமேற்பர். ஒருவர் கதை நடத்துவார். ஐயம் நேருமிடத்தில் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். தெருக்கூத்தும் தாயமும் ஒருங்கே கூடியதென்று கொள்ளலாம்.

இதற்கு இலக்கியப் பகுதியில் என்ன வேலை என்று கேட்பாரும் உண்டு. இவ்வாட்டம் நூலை வைத்துக்கொண்டு ஆடப்படுவது. நூலென்று ஒன்று இருக்குமாயின் அதை எழுதியவனை நாம் விசாரிக்கலாம்.

தொடக்க ஆண்டுகளிலேயே இவ்வாட்டத்தில் குடியேறிய நம் நாட்டுச் சொல் ‘ராட்சசன்’ என்பதாகும். 1977இல் வந்த ‘மான்ஸ்டர் மானுவல்’ நூலில் அவன் புலித்தலையோடு, புகைக்குழாய் பிடித்து அமர்ந்திருக்கிறான்! அவனைக் கொல்ல மந்திரித்த அம்பு வேண்டுமாம். வால்மீகியிடமோ கம்பனிடமோ கற்றதன்று இது. 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘கோல்சாக்’ என்னும் தொடர்க்கதையில் கண்டது. 1980இல் இந்திரனுக்கும் காளிக்கும் கூட இத்தனை அடி தாங்குவர் என்று கணக்கிட்டு வேறொரு நூல் வந்தது. தெய்வங்களுக்குக் கணக்குப் போட்டதில் நமக்கு யாதொரு வருத்தமும் இல்லை. ஒரு கூட்டத்தாரை அரக்கரென்று பெயரிட்டு, அவர் தரப்பைக் கேளாமலே கொல்லும் பழைய வழக்கம் கடல் கடந்தும் தொடர்ந்ததே என்பதுதான் நம் குறை.

நிற்க. இவ்வழக்கத்தை உள்ளிருந்தே மாற்ற முற்பட்டவர் அஜித் ஜார்ஜ். இந்திய வமிசத்து அமெரிக்கர். இவர் தந்தை ஆபிரகாம் ஜார்ஜ் 1997இல், ஒசூரையடுத்த பாலிகானபள்ளியில், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ‘சாந்தி பவன்’ என்னும் உறைவிடப் பள்ளியை நிறுவினார். வறியவரும் தாழ்த்தப்பட்டவருமான குடும்பங்களின் குழந்தைகளை நான்கு வயதில் ஏற்றுக் கல்லூரிப் படிப்பு முடியும்வரை தாங்குவது அப்பள்ளி. ஒரு குடும்பத்துக்கு ஒரு குழந்தையே என்பது அதன் விதி. அஜித் ஜார்ஜ் அதன் நிர்வாகத்தில் பல்லாண்டு உழைத்தவர். 2017இல் அப்பள்ளியைப் பற்றிய திரைத்தொடரும் வெளிவந்தது. ஆட்டநூல் எழுதுவது இவருடைய மற்றொரு தொழில்.

2021இல் வந்த ‘ராவன்லாஃப்ட்’ நூலில் இவர் எழுதிய பகுதி கலகேரி என்னும் கற்பனை நாடு. அந்நூல் வரிசையில் 1993லேயே ஸ்ரீ ராஜி என்றொரு இந்தியச் சாயல் நாடு இருந்தது. அதன் அதிபதி ஆரிஜானி என்னும் அரக்கன். ஜார்ஜ் அவனைத் தள்ளிவிடவில்லை. அரியணைக்காகப் போரிடும் உடன்பிறந்தார் மூவரில் ஒருவனாக்கினார். மகாராணி ரம்யா செத்தும் ஆள்கிறாள். ஆரிஜானியும் ரீவாவும் செத்தும் எதிர்க்கின்றனர். வெறும் பூதமாயிருந்தவனுக்கு ஒரு வழக்கும் ஒரு வீடும் கிடைத்தன. எழுத்தென்ற அளவில் இது சிறந்த திருத்தம் என்பதில் ஐயமில்லை.

எனினும் நமக்கு மனநிறைவில்லை. அரசகுடும்பத்தார் மூவர் சண்டையிட, நாடு எரிகிறது. எரிகிற நாட்டில் உழுதவன் யார், தோல் பதனிட்டவன் யார், பிணம் சுமந்தவன் யார்? கதையின் நாடி முழுதும் அரண்மனையிலேயே துடிக்கிறது. பாலிகானபள்ளியின் குழந்தைகளை அறிந்த ஒருவர் கலகேரியில் அக்குழந்தையின் குடிசையை முன்னிறுத்தாதது ஏன்? வெள்ளையன் புலித்தலையைக் கண்டான். நம்மவர் மகாராணியைக் கண்டார். இரண்டும் இந்தியாவைத் தூரத்திலிருந்து பார்ப்போர்க்கு எளிதில் தென்படுபவையே.

ஆயினும் அடுத்த ஆண்டு இவர் செய்த செயல் வேறு தரத்தது. 2022 ஜூலையில் ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்’ வெளிவந்தது. ஜார்ஜும் வெஸ்லி ஷ்னைடரும் அதை முன்னின்று நடத்தினர். 13 கதைகள். எழுதியோர் யாவரும் வெள்ளையரல்லாதார். அவற்றுள் ‘மணிவர்ஷத்து மூடுபனியில்’ என்று பொருள்படும் கதையை எழுதியவர் மிமி மண்டல். கல்கத்தாவில் பிறந்தவர், தலித் எழுத்தாளர், 2018இல் ஹியூகோ பரிசுக்குப் பெயர் குறிக்கப்பட்டவர். அவருடைய சங்கபூமி வங்கத்து ஆறுகளையும் சதுப்பையும் நினைவூட்டும் நாடு. அங்கே ஆறு வெறும் காட்சியாக நிற்கவில்லை. ஊராரின் பிழைப்பும் அச்சமும் அதிலேயே கிடக்கின்றன. என் கணிப்பில், ஜார்ஜ் தாமே எழுதிய கலகேரியைவிட, பிறர் கையில் பேனாவைக் கொடுத்துத் தாம் ஒதுங்கி நின்ற இந்நூலே அவருடைய மேலான படைப்பு. ஆசிரியராக எய்தாததைப் பதிப்பாசிரியராக எய்தினார்.

13இல் தமிழ் நிலம் ஒன்றுமில்லை. இதற்காக ஜார்ஜைக் கடிந்துகொள்வது முறையன்று; எழுதியவர் அவரவர் நிலத்தை எழுதினர். 1961க்குப் பின் சதுப்பைத் தூர்த்து ஆலைகள் எழுப்புமுன் ஜூரோங்கிலும் ரப்பர் மரங்கள் நின்றன. விடியுமுன் தப்படிக்கும் ஓசை, பால் வாளி, கங்காணியின் குரல் இவற்றைக் கேட்டவரின் பேரப்பிள்ளைகள் இன்று இருபது முகப் பகடையை உருட்டுகின்றனர். ரேடியன்ட் சிட்டாடல் நூலில் ஒவ்வொரு நாட்டின் முடிவிலும், அந்நாட்டில் பிறந்தவனாக வேடமேற்பவன் தன்னையே கேட்டுக்கொள்ளச் சில கேள்விகள் தரப்பட்டுள்ளன. 1977இன் புலித்தலையனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை அடியில் சாவான் என்று மட்டும் குறித்து வைத்தனர்.