மிஹ்ராப்: ஒரு சொல்லின் மொழிபெயர்ப்புச் சிக்கல்

ஈசா நபி எனத் திருக்குர்ஆன் போற்றும் இயேசுவின் பிறப்பை அறிவிக்கும் முன்பே, அந்நூலின் மூன்றாம் அத்தியாயம் அவர்தம் அன்னை மர்யம் வழிபாட்டிடத்தில் வளர்ந்ததைக் கூறுகிறது. 37ஆம் வசனம் அவ்விடத்தை ‘மிஹ்ராப்’ என்கிறது. பள்ளிவாசலில் தொழும் திசையைக் காட்டும் மாடத்திற்கும் இன்று இதுவே பெயர். உதுமானியர் எழுப்பிய பள்ளிவாசல்கள் பலவற்றில் அம்மாடத்தின்மேல் இவ்வசனம் பொறிக்கப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது.

இச்சொல்லை ‘அறை’ எனப் பெயர்த்தால் தொழுகை மாடத்திற்கும் மர்யமுக்கும் உள்ள தொடர்பு அறுபடும். ‘தொழுகை மாடம்’ எனப் பெயர்த்தால் பிற்காலக் கட்டட உறுப்பு முற்கால நிகழ்ச்சியில் ஏறிவிடும். சமணர் உறைவிடத்தைச் சுட்டிய ‘பள்ளி’ இஸ்லாமியர் தொழுமிடத்தையும் சுட்டும் தமிழில், இடப்பெயர்ச்சொல் சமய எல்லை கடப்பது புதிதன்று. ஆகவே மூலச்சொல்லையே ஆண்டு விளக்கம் தருதல் பொருந்தும்.

இயேசுவை இறைமகன் எனக் கொள்வதை இஸ்லாம் மறுக்கிறது. எருசலேமில் 691-92இல் அமைந்த பாறைக் குவிமாடத்தின் எழுத்துப் பொறிப்பு அம்மறுப்பையும் அவர்க்குரிய வாழ்த்தையும் ஒருங்கே உரைக்கிறது. திருக்குர்ஆன் 22ஆம் அத்தியாயத்தின் 40ஆம் வசனம் துறவியர் மடம், கிறித்தவர் கோயில், யூதர் தொழுமிடம், பள்ளிவாசல் ஆகிய நான்கையும் காக்கப்பட வேண்டியனவாக ஒருசேர எண்ணுகிறது. கொள்கையை மறுத்தல் வழிபாட்டிடத்தை மறுத்தலாகாது என்பது இவற்றால் பெறப்படும். இவ்வுறவைத் தன்னுள் கொண்ட சொல்லை மொழிபெயர்ப்பில் இழத்தல் தகாது.