வினாத்தாளோடு வரும் விருந்தினர்

பெருங்களத்தூரைத் தாண்டி வண்டலூர் வழியாகக் கூடுவாஞ்சேரி வரையில் ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்தில் போகிறவர் எவரும் அந்த விளம்பரப் பலகைகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. பனி படர்ந்த ஏதோ ஒரு நகரத்தின் சதுக்கத்தில், கழுத்துவரை கோட்டுக்குப் பொத்தானிட்டுக்கொண்டு, பட்டம் பெற இன்னும் ஓராண்டு மிச்சமிருக்கும் நம் பிள்ளையொருவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். ஆறே வாரத்தில் உலக அனுபவம் கைகூடும் என்ற பொருளில் அவன் தலைக்குமேல் ஒரு வாக்கியம். அண்மையில் சேலையூர்ப் பக்கத்தில் நடந்த ஒரு பாராட்டுக் கூட்டத்தில், இப்படிப் போய்வந்த மாணவர்களுடைய பிராஜெக்டுகளுள் சிறந்ததென்று தேர்ந்த ஒன்றுக்குக் கேடயம் வழங்கிய பேராசிரியர், வெளிநாட்டில் முதல் சில வாரங்கள் குழப்பத்திலேயே விரயமாகிவிடுகின்றன என்றும், அந்த விரயத்தைத் தவிர்ப்பதற்காகவே விமானத்தைவிட்டு இறங்கிய மறுநாளே வேலை தொடங்கும்படியாகப் பிராஜெக்டை இங்கேயே தயார்செய்து கையில் கொடுத்தனுப்புவதாகவும் பெருமிதத்தோடு சொன்னார். சபை கைதட்டியது. மரியாதைக்காக நானும் தட்டினேன், தட்டியிருக்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டில் நன்மையே இல்லையென்று நான் வாதிடப் புகவில்லை. தாம்பரம் ரயில் நிலையத்துக்கு அப்பால் பெண்ணைத் தனியே அனுப்பத் தயங்கும் தகப்பனார், கல்லூரியின் முத்திரை விழுந்த கடிதத்தைக் கண்டதும் மியூனிக்குக்கே அனுப்பச் சம்மதிக்கிறார் என்றால் அது சாதாரண காரியமன்று. நம்மூரில் கிடைக்காத கருவியொன்றில் கைபழக வேண்டிய பௌதிக மாணவனுக்கும் ரசாயன மாணவனுக்கும், கருவி இருக்கும் ஊரின் பாஷையும் பழக்கமும் தெரியாமலே காரியம் நடந்துவிடும். வெளிநாட்டில் பெறும் மதிப்பீட்டை இங்குள்ள பட்டத்தோடு சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் வழிவகுத்துவிட்டது. அதையும் குறைசொல்ல நான் யார்? ஆனால் ஆய்வுக்கூடத்தின் நான்கு சுவர்களுக்கு வெளியே, மனிதரைக் கேட்டும் அவர்களோடு பழகியும் அறியவேண்டிய எந்த விஷயத்திலும் பேராசிரியர் எதை விரயம் என்றாரோ அதுவே கல்வி என்பதும், அதை ஒழித்துவிட்டு அவர் கொடுத்தனுப்புவதுதான் விரயம் என்பதும் என் நெடுநாளைய அபிப்பிராயம்.

இதில் போகிறவர்களைப் பற்றி மாத்திரம் பேசுவது ஒருதலைப்பட்சமாகும். வருகிறவர்களையும் எங்கள் ஊர் நன்றாக அறியும். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கி, 1937இல் கிறித்தவக் கல்லூரி ஐகோர்ட்டுக்கு எதிரேயிருந்த பழைய கட்டடங்களை விட்டு இங்குள்ள காட்டுக்குக் குடிவந்த நாள்முதல், அயல்நாட்டு முகங்கள் எங்கள் கடைத்தெருவுக்குப் புதியவையல்ல. அப்போது வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் தங்கக் கருதி வந்த ஆசிரியர்கள். இப்போது வருகிறவர்கள், எங்கள் சுற்றுவட்டாரத்துக் கல்லூரிகள் பலவற்றுக்கும், ஒரு பருவமோ அரைப் பருவமோ தங்கிப் பிராஜெக்ட் செய்ய வரும் மாணவர்கள். செம்பாக்கம், மாடம்பாக்கம், சேலையூர், பீர்க்கன்கரணை என்று ஏரிகளுக்குக் குறைவில்லாத பிரதேசமாகையாலும், 2015ஆம் ஆண்டு டிசம்பரில் முடிச்சூர் முழுகியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்துவிட்டபடியாலும், 2022இல் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ராம்சார் பட்டியலில் ஏறியபடியாலும், இவர்களுள் பலருக்குத் தண்ணீரே விஷயம். ஓய்வுபெற்ற ஆசிரியன், ஆங்கிலமும் தெரியும், ஏரிக்கரையையும் தெரியும் என்பதால், சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த இரண்டு மாணவியருக்கு மொழிபெயர்ப்பாளனாகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அவர்கள் ஊருக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. தம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்க முயன்று சட்டையை நனைத்துக்கொள்ளும் பருவம்; ஷேர் ஆட்டோவை எங்கே நிறுத்தச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வரும் பருவம். ஆனால் கையில் நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட வினாத்தாள் இருந்தது. அது அவர்கள் நாட்டிலேயே, அவர்கள் ஏரியைக் கண்ணால் காண்பதற்கு ஐந்து மாதம் முன்னதாகவே, அச்சாகிவிட்டிருந்தது. கரையோரத்தில் பூக்கட்டி விற்கும் அம்மாள் ஒருத்தியிடம் போய் நின்றோம். உங்கள் பகுதியின் கழிவுநீர் மேலாண்மை உங்களுக்கு எவ்வளவு திருப்தியளிக்கிறது, ஒன்று முதல் ஐந்துவரை ஓர் எண் சொல்லுங்கள் என்பது கேள்வி. நான் என்னால் இயன்றவரை அதைத் தமிழாக்கினேன். அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. இருவருள் வினாத்தாளைப் பிடித்துக்கொண்டு வியர்த்து முகம் சிவந்து நின்றவளையே பார்த்தாள். "அஞ்சு போட்டுக்கோ கண்ணு. வெயில்ல நிக்கிறியே, இப்படி நெழல்ல வா" என்றாள். ஐந்து என்று நான் சொன்னேன். ஐந்து என்று அவள் குறித்துக்கொண்டாள். நிழலைப் பற்றிச் சொன்னதை மொழிபெயர்க்கக் கட்டம் இல்லை.

மறுவாரம் நான் தனியே அந்த வழியாகப் போனபோது, அதே அம்மாள் முழம்போட்டுக்கொண்டே, ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் செப்டிக் டேங்க் லாரிகள் விளக்கை அணைத்துக்கொண்டு வந்து மதகுப் பக்கம் கொட்டிவிட்டுப் போவதையும், அந்த நாற்றத்தில் மல்லிகைக் கூடையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு படுக்கவேண்டியிருப்பதையும் சொன்னாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன். "வந்த புள்ளைகிட்ட போயி இதையெல்லாமா சார் சொல்லுவாங்க?" என்றாள். அந்தப் பிராஜெக்டின் வரைபடத்தில் எங்கள் கரையோரத்து மக்கள் கழிவுநீர் ஏற்பாடுகளில் கணிசமான திருப்தி கொண்டவர்களாகக் காட்சியளிக்கிறார்கள். அந்தத் திருப்தியில் ஓர் ஐந்து என் வாயால் போனது.

இதை ஒரு மாணவியின் அசட்டையென்றோ ஒரு கல்லூரியின் பிழையென்றோ எடுத்துக்கொள்வது எளிது; அப்படியன்று. அவள் கெட்டிக்காரி, உழைப்பாளி, பணிவுள்ளவள். கோளாறு அந்த ஏற்பாட்டின் எலும்பிலேயே இருக்கிறது. புதிதாய் வந்தவனுக்கு ஊர் காட்டும் முதல் முகம் உபசாரம். உபசாரம் உள்ளவரையில் உண்மை வெளிவராது. உபசாரம் தேய்ந்து, ஓரிரு சண்டையும் கேலியும் கடனும் நடந்து, வந்தவன் ஊரில் ஒரு ஆள் என்று ஆனபிறகே மதகுப் பக்கத்து விஷயம் காதில் விழும். அப்படி ஆவதற்கு வேண்டிய காலந்தான் பேராசிரியர் குழப்பம் என்று பெயரிட்ட அந்த முதல் வாரங்கள். அவற்றில் வந்தவன் எதற்கும் உதவாதவன். சோறு பிசையத் தெரியாது, சில்லறை கேட்கத் தெரியாது, எவரைத் தம்பி என்பது எவரை ஐயா என்பது என்று தெரியாது. பூக்கார அம்மாளுக்கு முன் அவன் குழந்தை. குழந்தையாயிருக்கும் அந்தச் சொற்ப காலத்தில் ஊரே அவனுக்கு வாத்தியார். அப்போது கையில் வினாத்தாளைக் கொடுத்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது: கேட்கிறவன் அவன், பதில் சொல்லக் கடமைப்பட்டது ஊர். கற்றுக்கொடுக்க இருந்தவளைப் பரீட்சை எழுத உட்கார்த்திவிடுகிறோம்.

போகிற நம் பிள்ளைகளின் கதை வேறாக இருக்குமென்று நினைத்தேன், இல்லை. எங்கள் தெருவில் ஒரு பையன் கோடை விடுமுறையில் ஜெர்மனிக்குப் போய் ஆறு வாரம் இருந்து வந்தான். பிராஜெக்ட் கணினியிலேயே முடிகிற வேலை. அதை அவன் மாடியறையில் மின்விசிறிக்கு அடியிலிருந்தே செய்திருக்கலாம் என்று அவனே ஒப்புக்கொண்டான். தங்கியது நான்கு தமிழ்ப் பையன்களோடு. சாப்பிட்டது அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி. அவன் கல்லூரியில் காட்டிய படங்களும் பெற்ற சான்றிதழும் ஒருபுறமிருக்க, நான் துருவிக் கேட்டபோது முகம் மலர்ந்து அவன் சொன்னவை இரண்டே. முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடையும் மூடியிருக்குமென்று தெரியாமல் வெறும் ரொட்டியைத் தின்று பசியாறியது ஒன்று. காலிப் பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தின் வாயில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்பதை, வரிசையில் முன்னால் நின்ற கிழவி ஒருத்தி தன் பையிலிருந்த பாட்டிலை அவன் கையில் கொடுத்துப் போடவைத்துக் கற்பித்தது மற்றொன்று. ஒரு தேசம் குப்பையை என்ன நினைக்கிறது, ஓய்வை என்ன நினைக்கிறது என்ற இரண்டு பெரிய விஷயங்களின் வாசல்வரை அவன் போயிருக்கிறான். இரண்டும் அறிக்கையில் இல்லை. ஏனென்று கேட்டேன், "அதெல்லாம் பிராஜெக்ட் இல்லையே தாத்தா" என்றான்.

இந்த இடத்தில் ராமானுஜனை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. 1914ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் நெவாஸா கப்பலேறிப் போனவருக்கு, ஒரு மாணவனுக்குக் கிடைக்கக்கூடிய வேலைகளிலெல்லாம் மேலான வேலை கேம்பிரிட்ஜில் காத்திருந்தது. ஆனால் அவர் ராத்திரியெல்லாம் குளிரில் மேல்கோட்டையும் சால்வையையும் போர்த்திக்கொண்டு படுத்திருந்ததையும், மெத்தைக்கடியில் மடித்துச் செருகியிருந்த கம்பளிகளை விலக்கி அவற்றுக்கிடையே நுழைந்து படுக்கவேண்டுமென்பது அவருக்குத் தெரியாதிருந்ததையும் கண்டு சொல்லிக்கொடுத்தவர் அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ். கணிதத்துக்கு ஹார்டி துணையிருந்தார். படுக்கையை விரித்துக் காட்ட அகஸ்மாத்தாக ஒரு வங்காளி வரவேண்டியிருந்தது. வேலையை மட்டும் ஏற்பாடு செய்து வாழ்வை அதன் போக்கில் விட்டுவிடும் வழக்கத்துக்கு நூறாண்டு கடந்த இந்த உதாரணமே போதும். ஆறு வாரத்துப் பிள்ளைக்கு மகலனோபிஸ் கிடைப்பார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

என் நண்பர் ஒருவர் இதற்கு ஸ்லேட்டரைக் காட்டி மறுத்தார். நியாயமான மறுப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர் கையில் வினாத்தாளைக் கொடுத்துத்தான் கிராமங்களை ஆராய்ந்தார். 1918இல் அந்த ஆராய்ச்சி நூலாகவும் வந்தது. அதிலுள்ள தென்னார்க்காட்டு இருவேல்பட்டுக்குப் பின்வந்த ஆராய்ச்சியாளர் 1930களிலும் 1960களிலும் 1980களிலும் திரும்பத் திரும்பப் போகும்படி அதற்கு ஆயுள் இருந்தது. மெய்தான். ஆனால் அந்த வினாத்தாளை எடுத்துக்கொண்டு போனவன் விடுமுறைக்குத் தன் ஊருக்குப் போன பிள்ளை. எந்தப் பதிலில் உபசாரம் எவ்வளவு, பொய் எவ்வளவு, வரிக்குப் பயந்து மறைத்தது எவ்வளவு என்று கழித்துக் கொள்ள அவனுக்கு இருபது வருஷத்துப் பழக்கம் இருந்தது. ஊரைத் தெரிந்தவன் கையில் வினாத்தாள் ஒரு கருவி. தெரியாதவன் கையில் அது முகத்திரை. 1838இல் சென்னையில் இறங்கிய கால்டுவெல், திருநெல்வேலிக்குப் போகவேண்டி வந்தபோது ஜனங்களை அறியும்பொருட்டு நடந்தே போனார். ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856இல். அவ்வளவு காலம் எவருக்கும் இப்போது இல்லையென்பது எனக்குத் தெரியாதா? இல்லாத காலத்தை இருப்பதாகப் பாவித்துச் சான்றிதழ் எழுதிக்கொள்வதைத்தான் மறுக்கிறேன்.

சமூகவியலறிஞர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் ஏறக்குறைய ஓராண்டு தங்கி எடுத்த குறிப்புகளைப் பல்லாண்டு உழைத்துத் தொகுத்துவைத்திருக்க, 1970இல் அமெரிக்காவில் நிகழ்ந்த தீயில் அந்தத் தொகுப்பின் படிகளெல்லாம் எரிந்துபோயின. ஞாபகத்தையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டு அவர் எழுதிய நூல் 1976இல் வெளிவந்தது. என்னிடம் நன்றியோடு அனுப்பிவைக்கப்பட்ட ஏழெட்டுப் பிராஜெக்ட் அறிக்கைகள் அலமாரியில் இருக்கின்றன. அவை எரிந்துபோனால் எழுதியவர்களுள் எத்தனை பேருக்கு ஒரு பக்கமாவது ஞாபகத்திலிருந்து எழுத வரும்? கடுமையாகச் சொல்கிறேனென்று தோன்றலாம். இன்னும் கடுமையாகச் சொன்னவர் உண்டு. 1968இல் மெக்ஸிகோவில், ஏழைக் கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டு வந்திருந்த அமெரிக்க மாணவர்களின் முகத்துக்கு நேராகவே சிந்தனையாளர் இவான் இல்லிச், பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலையேற வாருங்கள், உபகாரம் செய்ய மட்டும் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சை அந்நாட்டு மாணவர்களே இன்னும் படிக்கிறார்கள். படித்துவிட்டு வினாத்தாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நம் கல்லூரிகளோ அதைப் படிக்கும் சிரமத்தைக்கூட மேற்கொள்ளவில்லை. படித்திருந்தால், பலகைக்கு ஒரு படமும் வருஷாந்தர அறிக்கைக்கு ஒரு பத்தியும் கிடைக்கவேண்டி, ஊரறியாப் பிள்ளையைப் பத்தாம் நாளே நிபுணனாக நிறுத்தும் இந்தக் காரியத்துக்குக் கேடயம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

வருகிறவர்களுக்கு முதல் மாதம் பேச்சுத்தமிழைத் தவிர வேறு பாடம் வேண்டாம். மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வரட்டும், ஏமாறட்டும், ரயிலில் தவறான பக்கம் இறங்கட்டும், ஏரிக்கரையில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்கட்டும். போகிற நம் பிள்ளைகளுக்கும் அதுவே. அதற்குப் பிறகும் கேட்க ஏதேனும் கேள்வி இருந்தால் அது அவர்களுடைய கேள்வியாயிருக்கும். வரும் ஜூலையிலும் ஒரு கூட்டம் வருகிறதென்றும் மொழிபெயர்க்க நான் வரவேண்டுமென்றும் இப்போதே சொல்லியனுப்பியிருக்கிறார்கள். ஆகஸ்டு கழியும் முன் கூப்பிட்டால் நான் வருவதாயில்லை.